ஒரு சைக்கிளை விற்கும்போது

வேதபாடம்: அப்போஸ்தலர் 4:34 – 5:11



இங்கிலாந்தில் வாழும் ஒரு தமிழ்ச் சகோதரன் ஒரு கேள்வி எழுதிக் கேட்டிருந்தார். தன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்வித்த ஒரு ஸ்டீல் ரேஸ் சைக்கிள் அவரிடம் இருக்கிறது. வருஷக்கணக்காக அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கண்போல வைத்திருக்கிறார். அதை விற்று மிஷனரி ஊழியத்துக்குக் கொடுக்கலாமா என்று ஒரு எண்ணம் அவருக்குள் எழும்பியது. இதைக் கேட்ட ஒரு விசுவாசி, "பிரதர், அது உங்களுக்கு விக்கிரகமா ஆயிடுச்சு, உடனே வித்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதில் ஏறி உட்காரவே மனசு குத்துகிறது என்கிறார். சைக்கிள்தானே என்று நாம் சிரித்துவிட்டுப் போகக்கூடாது. ஒரு மனுஷனுடைய மனச்சாட்சி இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அது நம் ஊரில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிற சைக்கிள் அல்ல. நம்முடையது ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். அவருடையது 10 கிலோவுக்குள் அடங்கிவிடும். இத்தனைக்கும் அது இரும்புக் குடும்பத்தைச் சேர்ந்த எஃகுதான். இரகசியம் குழாயில் இருக்கிறது. பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் என்ற கம்பெனி 1897-லேயே ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றது. குழாயின் இரண்டு முனைகளும் தடிப்பாக இருக்கும், நடுப்பகுதி மெலிந்திருக்கும். பற்றவைக்கிற இடத்தில்தானே பலம் வேண்டும்? 1935-ல் அதே கம்பெனி மாங்கனீசும் மாலிப்டினமும் சேர்த்த எஃகில் 531 என்ற குழாயைக் கொண்டுவந்தது. நடுவில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. செய்கிறவர் வாடிக்கையாளருடைய கால், உடல், கை நீளத்தை அளந்து, அதற்குத் தக்கபடி குழாய்களை வெட்டி, பித்தளையோ வெள்ளி கலந்த உலோகமோ உருக்கி இணைக்கிறார். சூடு அதிகமானால் குழாய் கெட்டுப்போகும், குறைந்தால் இணைப்பு பிடிக்காது.

இப்படிப்பட்ட வேலையை நேசிப்பது பாவமா? யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதத்தில் முதன்முதல் சொல்லப்படுகிறவன் யார்? தீர்க்கதரிசி அல்ல, ராஜாவும் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்த பெசலெயேல் என்ற கைத்தொழிலாளி! ஆவியின் நிறைவைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இந்த அதிகாரத்தை அதிகம் பிரசங்கிப்பதில்லை. நல்ல கைவேலையைப் பார்த்து மகிழ்கிற ஒவ்வொருவனையும் விக்கிரகாராதனைக்காரன் என்று சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது.

இப்போது நம் வேதபகுதிக்கு வருவோம். பர்னபா நிலத்தை விற்றான், பணம் முழுவதையும் கொண்டுவந்து அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தான். அனனியாவும் விற்றான், ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டான், செத்து விழுந்தான். எடுத்து வைத்துக்கொண்டதால் செத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பேதுரு அப்படிச் சொல்லவில்லையே! விற்கும் முன்பும் அது அவனுடையது, விற்ற பின்பும் பணம் அவன் கையில்தான் இருந்தது என்பதைத்தான் நினைப்பூட்டினான். ஆதிசபை யாரையும் "வித்துப் போடு" என்று கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பங்கைக் கொடுத்து முழுவதும் என்று பொய் சொன்னதே குற்றம். ஆகவே அந்தச் சகோதரன் சைக்கிளை வைத்துக்கொண்டாலும் பாவம் இல்லை. ஆனால் ஒன்று. கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணிவிட்டால் தாமதிக்கக்கூடாது என்று உபாகமம் 23-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. பொருத்தனை பண்ணாதிருந்தால் குற்றமில்லை என்றும் அதே இடத்தில் இருக்கிறது. சாட்சி நேரத்தில் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்று சொல்லிவிட்டு, பிறகு வீட்டில் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, விற்கத்தான் தீர்மானித்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான சோதனை வருகிறது. அளவெடுத்துத் தைத்த சட்டை அடுத்தவனுக்கு எத்தனை பேருக்குச் சேரும்? அதுபோலத்தான் இதுவும். செய்யக் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்ப வராது. தன் பாசத்துக்கும் சேர்த்து விலை கேட்க நம்முடைய உள்ளம் துடிக்கும். வாங்க வருகிறவனோ "இது பழசு, இதுல ஒண்ணுமில்ல" என்பான், போகிற வழியில் மெச்சிக்கொள்வான். நீதிமொழிகள் 20:14 எழுதினவருக்குச் சந்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது! அதற்காக நாம் பொய்க்குப் பொய் வைக்கலாமா?

எஃகுக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் அந்த நாட்டு ரோடுகளில் பனி உறையாதபடி உப்பு போடுகிறார்கள். அந்த ஈரம் சீட் குழாய் வழியாக இறங்கி, பெடல் அச்சு இருக்கிற அடிப்பகுதியில் தேங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. முன்னால் மோதின சைக்கிளாக இருந்தால் ஹேண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், பார்க் குழாயின் அடியில் பெயிண்ட் லேசாக மடிப்பு விழுந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். பின்சக்கரத்தின் அச்சு உட்காருகிற இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் வரலாம். அலுமினிய சீட் கம்பி எஃகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் போயிருக்கலாம். புதுப் பெயிண்ட் அடித்துவிட்டால் இதில் பலவும் மறைந்துவிடும். அனனியா பண்ணினதும் ஒருவிதப் பெயிண்ட் வேலைதானே?

லேவியராகமம் 19-ல் படிக்கல்லும் மரக்காலும் சரியாயிருக்கும்படி கர்த்தர் கேட்கிறார். சைக்கிளுக்கு மரக்கால் கிடையாது. விற்கிறவனுடைய வாய்தான் அங்கே அளவு. எங்கே மோதியது, எங்கே துரு இருக்கிறது என்று வாங்குகிறவன் கேட்பதற்கு முன்னமே காட்டிவிட வேண்டும். வேறு உயரமுள்ளவன் ஆசைப்பட்டு வந்தால், "தம்பி, இது உனக்குச் சேராது, முதுகும் முழங்காலும் வலிக்கும்" என்று அனுப்பிவிட வேண்டும். ஒரு விற்பனை போய்விடும், போகட்டும். வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டி விலை மதிப்பிட்டால் தனக்கும் அநியாயம் இல்லை, அவனுக்கும் இல்லை. வருகிற பணத்தில் எவ்வளவு ஊழியத்துக்கு என்பதை விற்கும் முன்பே கர்த்தருடைய சமுகத்தில் தீர்மானித்துக்கொண்டு, அதற்குமேல் ஒரு வார்த்தையும் சபையில் சொல்லாதிருப்பது நல்லது.

இவைகளை அவருக்கு எழுதியிருக்கிறேன். விற்கும்படியோ விற்காதிருக்கும்படியோ எழுதவில்லை. அவர் சமாதானத்தோடே தீர்மானம் எடுக்கும்படி இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.