கையெழுத்துப் போட்டேன்; என் கதையையே எழுதிக் கொடுத்துவிட்டேனா?

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று வருடங்களுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோதெரபியும் நடந்தன. செலவில் ஒரு பகுதியை ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது கீமோ ஏற்றிய அன்று வார்டுக்கே வந்து ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. "எங்க ஃபைலுக்குத்தாம்மா" என்றார்கள். பிறகு வீட்டுக்கு வந்து வீடியோ எடுத்தார்கள். தலையில் கட்டியிருந்த துணியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். சில மாதங்களாக அந்த வீடியோ நன்கொடை கேட்கும் விளம்பரமாக எல்லார் ஃபோனிலும் வருகிறது. "கணவரும் கைவிட்ட நிலையில்" என்று அதில் ஒரு குரல் சொல்கிறது. என் கணவர் ஒவ்வொரு கீமோவுக்கும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தவர். 12 வயது மகளும் அதில் இருக்கிறாள். பள்ளியில் பிள்ளைகள் கேட்கிறார்களாம். எடுத்துவிடச் சொன்னால், "கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நல்ல காரியத்துக்குத்தானே? வேண்டாம்னா வாங்கின பணத்தைத் திருப்பிக் கட்டுங்க" என்கிறார்கள். சீக்கிரமே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி மற்ற பெண்களிடம் பேச எனக்கு விருப்பம்தான். ஆனால் இப்படியல்ல. நான் என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அந்த வீடியோவை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அறக்கட்டளை சொல்லும் மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கையெழுத்து. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு, தகாத செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறது. நோயாலோ, உடல், மன வேதனையாலோ சிந்திக்கும் திறன் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருப்பவரிடம், மேல்நிலையில் இருப்பவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெற்றால் அது தகாத செல்வாக்கு. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணங்களில் ஒருவர், நோயால் தளர்ந்துபோய், தனக்கு வைத்தியம் பார்ப்பவர் கேட்ட அநியாயத் தொகைக்குச் சம்மதித்துவிடும் மனிதர். உங்கள் நிலைமை அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. கையில் மருந்து ஏறுகிறது, சிகிச்சைச் செலவு அவர்கள் கையில், படிவமோ நீங்கள் படிக்க முடியாத மொழியில். இப்படி வாங்கிய சம்மதத்தை 19-ஏ பிரிவின் கீழ் ரத்து செய்யக் கோரலாம்.

படிவம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், எதற்குச் சம்மதித்தீர்கள் என்ற கேள்வி நிற்கிறது. சமீரா கோலி வழக்கில் (2008) ஒரு பெண் பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி செய்துகொள்ளச் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது டாக்டர் அவருடைய கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அது அறுவை சிகிச்சை பற்றிய தீர்ப்புதான். ஆனால் அதன் நியாயம் இங்கேயும் பொருந்தும் என்று வாதிடலாம். 'ஃபைலுக்கு' என்று வாங்கிய கையெழுத்து நன்கொடை விளம்பரத்துக்கு உரிமம் ஆகாது.

அடுத்து, 'நல்ல காரியம்'. கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்பாட்டை வகுத்தது. ஒருவருடைய சொந்த வாழ்க்கை, குடும்பம், திருமணம், தாய்மை ஆகியவற்றைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. அது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா விமர்சனமா என்பது கணக்கில் வராது. பொது ஆவணங்களில் இருப்பதற்கும், தானாகவே பொதுச் சர்ச்சைக்குள் இறங்கியவர்களுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கின்படி, பொது ஆவணங்களில் உள்ள அளவுக்குச் சங்கரின் கதையை நக்கீரன் வெளியிடலாம் என்றாயிற்று. உங்கள் கீமோ எந்தப் பொது ஆவணத்திலும் இல்லை. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. ஆகவே 'நல்ல காரியத்துக்குத்தானே, உங்களைப் பெருமைப்படுத்தித்தானே சொன்னோம்' என்ற பதில் எடுபடாது.

மூன்றாவது, பணம். உதவி வாங்கியபோது 'வீடியோ கொடுத்தால்தான் பணம்' என்று எழுத்தில் நிபந்தனை இருந்ததா? இல்லையென்றால், தானமாகக் கொடுத்ததை இன்றைக்குக் கடனாக மாற்ற முடியாது. இருந்தால் விஷயம் சற்றுச் சிக்கலாகும்: ஒப்பந்தத்தை ரத்து செய்யும்போது, நீங்கள் பெற்ற பலனையும் கணக்கில் எடுத்து நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். அதனால்தான் படிவத்தின் நகல் முக்கியம்.

கணவர் கைவிட்டார் என்பது பொய். அது அவதூறு, பாதிக்கப்பட்டவர் உங்கள் கணவரும்கூட என்பதால் அவரும் தனியாக நடவடிக்கை எடுக்கலாம். மகள் விஷயத்தில், உங்களுக்காக நீங்கள் போட்ட கையெழுத்து அவளையும் சேர்த்துக்கொள்ளாது. அவள் இருக்கும் காட்சிகளை உடனே நீக்கச் சொல்லித் தனியாகவே கேளுங்கள்.

மருத்துவமனை டாக்டர் யாராவது உங்கள் படத்தையோ சிகிச்சை விவரத்தையோ கொடுத்திருந்தால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள். சிலர் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்பார்கள். தெருப் பெயர், கணவரின் தொழில், மகளின் பள்ளிச் சீருடை இவை போதும், ஊர் கண்டுபிடித்துவிடும்.

இதே நிலையில் உள்ள மற்ற வாசகர்களுக்காகவும் ஒரு வார்த்தை. எச்.ஐ.வி. உள்ளவர் நம்பிச் சொன்ன விவரத்தை, எழுத்தில் பதிவான சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறலாம், கொடுத்தது போலவே சுலபமாகத் திரும்பப் பெறலாம், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்பதால், இப்போதைக்கு உங்கள் வழக்கை இதன் மேல் மட்டும் நிறுத்த வேண்டாம்.

செய்ய வேண்டியவை: வீடியோ வரும் பக்கங்களைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணைப்பு முகவரிகளைக் குறித்து வையுங்கள், வீடியோவையும் இறக்கி வையுங்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், குறிப்பிட்ட நாளுக்குள் எல்லா இடத்திலிருந்தும் நீக்க வேண்டும் என்றும், படிவத்தின் நகல் வேண்டும் என்றும் எழுதி, டெலிவரி சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். போனில் பேசியது சாட்சியாக நிற்பது கடினம். சமூக ஊடகத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் புகார் அனுப்புங்கள். நீக்கவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதன்பின் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் இழப்பீடும் கோரி வழக்கு. அவதூறுக்கு இழப்பீடு கேட்க, வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

மற்ற பெண்களிடம் பேச விரும்புகிறீர்கள் அல்லவா? அவசியம் பேசுங்கள். ஆனால் அடுத்த முறை, சிகிச்சை நடக்காத ஒரு நாளில், தமிழில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு, எதற்காகப் பயன்படும், நன்கொடை கேட்கவும் பயன்படுமா, முகம் தெரியுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வெளியிடும் முன் இறுதி வடிவத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும், நீங்கள் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், மறுத்தால் சிகிச்சையோ உதவியோ நிற்காது என்ற நான்கு வரிகளையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவர்களுக்குப் பேட்டி கொடுக்காதீர்கள்.