ஒரு பட்டப்படிப்பு பிறக்கும் விதம்

புதிய பட்டப்படிப்பு வருகிறதென்றால் மகிழ்கிறோம். அது வந்த வழியை எண்ணுவதில்லை. பொதுவாக, பாடத்திட்டக் குழு பாடங்களை வகுக்கிறது, கல்விப் பேரவை ஆராய்கிறது, ஆட்சிக்குழு ஒப்புகிறது. பட்டத்தின் பெயரோ, 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்டவற்றுள் ஒன்றாதல் வேண்டும்.

இத்தனை படிகள் எதற்கு? டில்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. மானியக் குழுவின் ஆணையால் 2014 ஜூனில் கைவிட்டது. ஓராண்டு பயின்ற மாணவர் பலர் நடுவழியில் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டனர். அதே நான்காண்டு முறை, மானியக் குழுவின் இசைவோடு 2022இல் அங்கு மீண்டும் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நான். 'இந்தப் பட்டம் செல்லுமா?' என்று விசாரிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இல்லை. எங்களுக்காக அதனை முன்கூட்டியே கேட்க வேண்டியவை அக்குழுக்களே. தாமதத்தைப் பொறுக்கலாம், செல்லாத பட்டத்தைப் பொறுக்கலாகாது.