31 வருட இடைவெளி

கேள்வி: தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம். பிள்ளைகள் தனிக்குடித்தனம். பனிக்காலத்தில் சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதுதான் வேலை. 'மனசைச் சந்தோசமாய் வைத்திருங்கோ' என்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை.
- ஸ்காபரோ வாசகர்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயம். தட்டியதும் எரிய மனம் என்ன மின்விளக்கா? கை ஒரு வேலையில் இறங்கினால் மனம் மெல்லப் பின்னால் வரும். நான் கண்டவரை இதுதான் வரிசை.

உதாரணத்துக்கு, உங்கள் பக்கத்திலேயே எழுத்தாளர் அ. முத்துலிங்கம் இருக்கிறார். கொக்குவிலில் பிறந்தவர், கணக்காளர். 'அக்கா' சிறுகதைத் தொகுப்பு 1964இல் வந்தது. பிறகு ஆபிரிக்கா, பாகிஸ்தான் என்று வேலை இழுத்துப்போனது. அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' 1995இல்தான். ஓய்வு நெருங்கும் அந்த வயதில் பலர் பென்ஷன் கணக்குப் பார்ப்பார்கள்; அவர் அதன் பிறகுதான் அதிகம் எழுதினார். 2001இல் ரொறொன்ரோவில் தொடங்கிய தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

நீங்கள் கதை எழுத வேண்டாம். (எழுதினாலும் எனக்கு அனுப்பாதீர்கள், மேசையில் இடமில்லை.) வேலைக்குப் போன காலத்தில் 'பிறகு பார்ப்போம்' என்று ஒதுக்கிய ஒன்று இருக்கும்: மிருதங்கமோ, மரவேலையோ. அதைத் தூசி தட்டுங்கள். ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் ரொறொன்ரோ பொது நூலகத்துக்குப் போங்கள். தமிழ் நூல்கள் உண்டு, நகரவாசிகளுக்கு அட்டை இலவசம். பக்கத்து வீட்டு முதியவரின் வாசலில் பனி குவிந்திருந்தால் வழித்துக் கொடுங்கள். முதுகு பிடித்தால் பாதியில் நிறுத்திவிட்டு, அவர் தரும் தேநீரை மறுக்காமல் குடியுங்கள்.