நிதி ஆதரவு கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்களா? 30 நாள் இருக்கு!

தெரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவர் ஆழத்திலிருந்து சட்டென மேலே வந்ததில் கால்கள் செயலிழந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வருமானம் நின்றுபோச்சு. பள்ளிக்குப் போகும் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு வருகிறது. 'அப்பாதான் உயிரோட இருக்காரே, பணம் வராது' என்பார்கள் அக்கம்பக்கத்தில். அது தப்பு. மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவை, பெற்றோர் உடல் முடங்கி வளர்க்க முடியாமல் போனாலும் கேட்கலாம். மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் நகரத்தில் 96,000, கிராமத்தில் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வழி தெரியவில்லையா, 1098-க்குப் போன் போடுங்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 'கிடைக்காதும்மா' என்று வாயால் சொன்னால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவைத் தேதியோடு எழுத்தில் கேளுங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். நிதி ஆதரவு விஷயத்தில் இதற்காக நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மனுவின் தலைப்பிலேயே 'இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 101, மேல்முறையீடு' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்து மனுக்களோடு கலந்து, மறுத்தவர்களிடமே திரும்பிப் போய்விடலாம்.

உத்தரவே போடாமல் இழுத்தடித்தால்? அது மேல்முறையீடு இல்லை, புகார். பிரிவு 27-ன்படி அதையும் ஆட்சியர்தான் விசாரிக்க வேண்டும். அம்மாதான் வரணும் என்றில்லை. பிள்ளையோடு தொடர்புள்ள அத்தையோ தாத்தாவோகூட அந்தப் புகாரைக் கொடுக்கலாம்.