மலிவான கருவிகளை வாங்கும் முறை

திருச்சிராப்பள்ளியில் கழிவு விலைக்கு இரும்புச் சாமான் விற்கும் கடைகள் பெருகிவிட்டன. திருவெள்ளறையிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும் நம் உறுப்பினர்கள், விதைக்கும் நூலுக்கும் போன கையோடு அக்கடைகளிலும் நுழைந்து வருகிறார்கள். சுத்தியல், இடுக்கி, திருப்புளி, அரிவாள் எல்லாம் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அக்கடைகளை நாம் குறை கூறப் போவதில்லை. கையில் பணம் குறைந்த உழவர்க்கும் நெசவாளர்க்கும் அவை உதவியே. ஆயினும் எதை அங்கே வாங்கலாம், எதை வாங்கலாகாது என்னும் விவேகம் வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. நமக்கு அறிமுகமான நெசவாளர் ஒருவர், தறியில் தளர்ந்துபோன மர ஆப்பை இறுக்குவதற்காக மலிவான சுத்தியல் ஒன்று வாங்கினார். மரத்தை அடிக்க அது போதுமானதாகவே இருந்தது. பின்னொரு நாள் அதே சுத்தியலால் பழைய உளி ஒன்றின் தலையில் ஓங்கி அடித்தார். சுத்தியலின் முகத்திலிருந்து ஒரு சில்லுத் தெறித்து வலக்கண்ணில் பாய்ந்தது. பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண்டு முடிந்துவிட வேண்டிய கண் அது. மருத்துவர்கள் சில்லை எடுத்துவிட்டார்கள். பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. சுத்தியலில் அவர் மிச்சம் பிடித்தது நூற்றைம்பது ரூபாய்.

அந்தச் சுத்தியல் ஏன் சிதறிற்று? எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கடினமாகும். அந்த நிலையிலேயே விட்டுவிட்டால் கண்ணாடியைப் போல உடையும். மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் கடினத்தோடு அடிதாங்கும் தன்மையும் சேரும். நம் ஊர்க் கொல்லர்கள் இந்த இரண்டாம் சூட்டை நிறத்தைக் கொண்டே அறிவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகின்மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடும். பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என மாறும். கூர்முனை நிலைக்க வேண்டிய கருவியை முன்னதாகவும், வளைந்து கொடுக்க வேண்டியதைப் பின்னதாகவும் நிறுத்துவது வழக்கம். இப்பதத்திற்கு நேரமும் எரிபொருளும் கவனமும் செலவாகின்றன. மலிவுச் சரக்கில் முதலில் விட்டுப்போவது இதுவே. வார்ப்பிரும்பில் ஊற்றி, மேலே வர்ணம் பூசி வருபவை இதனினும் கீழானவை.

நம் ஊரிலுள்ள சுவஸ்திக வடிவக் கிணற்றைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவன் எடுப்பித்தது அது. கருங்கல்லில் வேலை செய்யும் உளி அடிக்கடி மழுங்கும்; உலைக்குப் போய்ப் பதமேறித் திரும்பும். அத்தகைய வேலையில் உளியும் உலையும் பிரியா. இன்று கருவியை மட்டும் வாங்கி வருகிறோம், உலையை மறந்துவிட்டோம்.

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். குவியலில் கை வைக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இது வேலையின் நடுவே உடைந்தால் என்ன ஆகும்?" வேலை நின்றுபோவது மட்டுமே நஷ்டம் என்றால் மலிவானதை வாங்கலாம். வர்ணத் தூரிகை, சுரண்டி, வாளி, பூவாளி, எப்பொழுதோ ஒருமுறை எடுக்கும் ஸ்பேனர் முதலியன இவ்வகை. உடைந்தால் உடம்புக்கு ஆபத்து என்றால் விலை பார்த்தல் கூடாது. ஏணி, கிணற்றுக் கயிறு, டிராக்டரைத் தூக்கும் ஜாக்கி, உளியை அடிக்கும் சுத்தியல், மின்சாரத் துளைப்பான் ஆகியவற்றை அறிமுகமான தயாரிப்பாகவே வாங்குக. மின் கருவியில் ஒரு சதுரத்துள் மற்றொரு சதுரம் பொறித்திருந்தால் அது இரட்டைக் காப்புடையது என்று பொருள். அக்குறியும் இல்லாமல், நிலத்தொடர்புக்கான மூன்றாவது முள்ளும் இல்லாமல் இருப்பதை ஈரமான வயலருகே கொண்டுபோகலாகாது.

நாள்தோறும் கையாளும் கருவியின் கணக்கு வேறு. மண்வெட்டி ஒன்று 250 ரூபாய் என்றும், ஒரு சாகுபடியோடு தேய்ந்து மடங்கிவிடுகிறது என்றும் கொள்வோம். மற்றொன்று 600 ரூபாய். ஆறு சாகுபடிக்கு உழைக்கிறது. முன்னதற்கு ஒரு சாகுபடிக்கு 250, பின்னதற்கு 100. மடங்கிய வாயோடு ஒரு நாள் வெட்டினால் தோள்பட்டைக்கு வரும் வலியை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. மண்வெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சொத்தென்ற ஓசை விரிசலைக் காட்டும். இடுக்கியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வாய்களுக்கிடையே ஒளி தெரியலாகாது. காம்பின் நாரோட்டம் நுனிமுதல் அடிவரை நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒடியும். காம்புக்கு வர்ணம் அடித்திருந்தால் நாம் ஐயுறுகிறோம். வர்ணத்தின் கீழே என்ன மரம், எத்தனை முடிச்சு என்று யார் கண்டது? இரும்பு நன்றாக இருந்து காம்பு மட்டும் மோசமாயின் தயங்காது வாங்கலாம். ஊரில் கருவேலங் காம்பு போட்டுக்கொள்வது எளிது. பையில் சிறிய அரம் ஒன்று இருக்கட்டும். கடைக்காரர் இசைந்தால் அரிவாளின் ஓரத்தில் ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம். அரம் வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் அந்த அரிவாள் கூர்மையைத் தாங்காது. நூறு உருப்படி அடங்கிய பெட்டி ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று மயங்கலாகாது. அதில் நாம் தொடப்போவது ஆறேழு மட்டுமே.

"பாதி விலை" என்னும் அட்டையைப் படிக்கவே வேண்டாம். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலை என்பது அதற்குமேல் வாங்கலாகாது என்னும் வரம்பே. பொருளின் மதிப்பு அன்று. கையிலிருந்து போகும் தொகையை வேறிரண்டு கடைகளின் தொகையோடு ஒப்பிடுக. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பின் அதனோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைபேசிச் செயலியில் அவ்வெண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். ரசீது கட்டாயம் வேண்டும். அதைப் படிக்கவும் வேண்டும். சரக்கு-சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோதே மண்வெட்டி, களைக்கொத்து, கோடரி, அரிவாள் போன்ற உழவுக் கைக்கருவிகளுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் வரி உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வரி போட்டிருந்தால் மரியாதையாகக் கேளுங்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

தனியே போய்ப் பேரம் பேசுவோருக்கு இவ்வளவே வழி. சேர்ந்து போவோருக்கு வேறு வழியும் உண்டு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய பண்டகசாலை மாவையும் வெண்ணெயையும் கலப்படமின்றி, சரியான நிறையில் விற்றே பெயர் பெற்றது. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே பண்டம் வாங்க ஏற்பட்டது. நாற்பது மண்வெட்டிகள் ஒருசேரத் தேவைப்படும்போது, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துப் பொறுக்க விற்பவர் இசைவார். பழுதானதை மாற்றித் தரவும் எழுத்தில் ஒப்புவார். லாரியின் பட்டைச் சுருளெஃகில் அரிவாள் அடித்துத் தரும் கொல்லர்களுக்கும் இத்தகைய மொத்தத் தேவை வேலை கொடுக்கும்.

ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் வேண்டிய குழாய்ப் பிடியையும் மின்துளைப்பானையும் ஜாக்கியையும் ஒவ்வொரு வீட்டிலும் மலிவுச் சரக்காக வைத்திருப்பதைவிட, சங்கத்தில் நல்லதாக ஒவ்வொன்று இருப்பது மேல். கையொப்பமிட்டு எடுத்துச் செல்ல ஒரு பதிவேடும், பூட்டுள்ள அலமாரி ஒன்றும், துளையிடும்போதும் உளியடிக்கும்போதும் அணியக் காப்புக் கண்ணாடி இரண்டும் போதும். கண்ணாடிகளை முதலில் வாங்குக.