பிள்ளைக்கு வருத்தம் வந்தால்: பலெர்மோ வீடுகளின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

1980களில் தொடங்கி சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் இன்று பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் இரண்டு பக்கமும் புத்திமதி வருகிறது. ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் ஒன்று சொல்வார். மாடிப்படியில் எதிர்ப்படும் சிசிலிப் பாட்டி இன்னொன்று சொல்வார். இருவருக்கும் பிள்ளைமேல் அன்புதான். ஆனால் அந்தச் சொற்களில் சில, மருத்துவரிடம் போகவேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகின்றன. அவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை: காய்ச்சல் 39 பாகையைத் தாண்டினால் மூளை பழுதாகும்.

உண்மை: கிருமியை எதிர்க்க உடம்பு தானே ஏற்றிக்கொள்ளும் சூடுதான் காய்ச்சல். தொற்றால் வரும் காய்ச்சலின் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. 6 மாதம் முதல் 5 வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்க நெஞ்சு பதறும். ஆனாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், பின்விளைவும் இராது. பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 112ஐ அழையுங்கள். முதல் தடவை வந்த வலிப்பு என்றால், நின்றபிறகும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் மருந்து கொடுப்பது பிள்ளையின் நோவும் அந்தரமும் குறையத்தான். 38.5 காட்டினாலும் ஓடி விளையாடும் பிள்ளைக்கு அவசரமாக மருந்து தேவையில்லை. 38 தான் காட்டுகிறது என்றாலும் துவண்டு கிடக்கும் பிள்ளையைக் காத்திருக்க வைக்கக் கூடாது. 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நம்பிக்கை: சிரப்பும் சொட்டு மருந்தும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான்.

உண்மை: இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் தக்கிப்பிரீனாவும் ஊர்ப் பனடோலும் ஒரே பரசிட்டமோல். ஆனால் தக்கிப்பிரீனா சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். 10 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர் சிரப் சரியான அளவு. அதே 5 மில்லிலீற்றரைச் சொட்டுப் போத்தலிலிருந்து ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும்; தொடர்ந்து கொடுத்தால் ஈரலுக்கு அது நஞ்சு. வயதைப் பார்த்து ஊற்றாமல் எடையைப் பார்த்து அளவு கேளுங்கள். ஊரிலிருந்து வந்த பனடோலைத் தக்கிப்பிரீனாவோடு சேர்த்துக் கொடுத்தால் ஒரே மருந்தை இரண்டு தரம் கொடுத்ததாகிவிடும். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை: ஈரத்தலையால் சளி பிடித்தது; கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்த்தால் இறங்கிவிடும்.

உண்மை: ஈரத்தலையைச் சொல்வது நம் வீடு, கழுத்தில் பட்ட காற்றைச் சொல்வது சிசிலி வீடு. சளியைக் கொண்டுவருவது வைரஸ். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பையே உண்டாக்கும். 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் உடம்பில் அது படவே கூடாது.

நம்பிக்கை: கண் மஞ்சளானால் கீழாநெல்லி போதும்.

உண்மை: மஞ்சள் நிறம் பல நோய்களின் அடையாளம். பலெர்மோவில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. வசந்தகாலத்தில் பலாரோ சந்தையில் ஃபாவே என்ற பெரிய பச்சை அவரை குவிந்து கிடக்கும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளை அதைச் சாப்பிட்டால், ஓரிரு நாளில் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். முகம் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப் போகும். பரம்பரையாக வரும் இந்தக் குறைபாடு மலேரியா ஆண்ட மண்களில் தங்கியது. சிசிலியும் இலங்கையும் அப்படிப்பட்ட மண்கள்தான். ஆண்பிள்ளைகளையே இது கூடுதலாகத் தாக்கும். பெட்டியில் போடும் அந்துருண்டையும் இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆபத்து. இந்த அறிகுறிகள் கண்டால் மூலிகை அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை: விட்டுவிட்டுக் காய்கிறது, வெளிறிப்போனான், இரத்தம் காணாது, சத்து டொனிக் கொடு.

உண்மை: வாரக்கணக்கில் காய்ச்சல், வெளிறல், மண்ணீரல் வீங்கி வயிறு பெருத்தல் மூன்றும் சேர்ந்தால் சிசிலியில் காலா அசார் நோயையும் நினைக்க வேண்டும். நாய்களிடமிருந்து மணல் ஈ வழியாக வரும் இந்த நோய்க்கு மருந்து செய்யாவிட்டால் பெரும்பாலும் உயிர் போகும். இதன் கிருமியை 1903இல் அறிவித்த இருவரில் ஒருவர் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டொனவன். 1915இல் அன்டிமொனி மருந்தால் இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டியவர்கள் ஜொவான்னி டி கிரிஸ்தினாவும் ஜுசெப்பே கரோனியாவும். பலெர்மோவின் குழந்தைகள் ஆஸ்பத்திரி இன்று தாங்கி நிற்பது அந்த டி கிரிஸ்தினாவின் பெயரைத்தான். இப்போது அதைவிட நல்ல மருந்துகள் உள்ளன. நோய் இன்னதென்று நேரத்தோடு தெரிந்தால் பிள்ளை பிழைக்கும்.

நம்பிக்கை: கொப்பளிப்பான் அம்மாள் வருத்தம், குளிக்க வார்க்கவும் கூடாது, டொக்டரிடம் காட்டவும் கூடாது.

உண்மை: அம்மனைக் கும்பிடுங்கள், வாசலில் வேப்பிலை கட்டுங்கள். ஆனால் இது வைரஸ் நோய். இளஞ்சூட்டு நீரில் குளித்தால் தோல் சுத்தமாக இருக்கும், கடியும் குறையும். கொப்பளம் இருக்கும்போது இபுபுரொஃபென் கொடுக்காதீர்கள். இத்தாலியில் 2017இல் வந்த சட்டம் 10 தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு முதல் பிறந்த பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பான் தடுப்பூசியும் அதில் அடக்கம்.

நம்பிக்கை: விசா இல்லாத வீட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வரும்.

உண்மை: எல்லாவற்றிலும் கொடியது இந்தப் பயம். பத்திரம் இல்லாதவர் மருத்துவம் தேடி வந்தார் என்பதற்காக அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் இத்தாலியக் குடியேற்றச் சட்டம் சொல்கிறது. பத்திரம் இல்லாத பெற்றோரின் பிள்ளைக்கும் அரசு மருத்துவத்தில் உரிமை உண்டு. பதிவு செய்த பிள்ளைக்கு 14 வயதுவரை குடும்பக் குழந்தை மருத்துவர் இலவசம். இன்னும் பதியாதவர்கள் பிள்ளை சுகமாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

மூச்சிழுக்கையில் விலா உள்வாங்குதல், எழுப்பியும் எழாமை, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், பல மணி நேரம் சிறுநீர் போகாமை, கழுத்து விறைப்பு: இவற்றில் ஒன்று கண்டாலும் யாரிடமும் யோசனை கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். அம்மம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுக்கலாம்.