இம்மாதப் பாடம்: "எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?"



சில மாதங்களாக நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன் வேலை முடிந்ததும் பேச்சு செல்போன் பக்கம் போய்விடுகிறது. முன்பெல்லாம் சீரியல் கதை ஓடும், இப்போது போன் கதை. சிரிப்புக்குக் குறைவில்லை. களப்பணியில் இருக்கும் நாங்கள் அந்தக் கேலிப் பேச்சுகளைக் கேட்டுக் குறித்து வைத்தோம். பிறகு உட்கார்ந்து படித்தபோது, ஒவ்வொரு கேலிக்குள்ளும் ஒரு கேள்வி இருப்பது தெரிந்தது. இந்த மாதப் பாடத்தை அந்தக் கேள்விகளை வைத்தே எழுதியிருக்கிறோம். எந்த ஊர், எந்தக் குழு, யார் சொன்னது என்று மட்டும் போடவில்லை. பாடமே அதைப் பற்றித்தானே!

போனுக்குக் காது இருக்கிறதா?

"நேத்து மத்தியானம் நானும் என் நாத்தனாரும் கிரைண்டர் வாங்கணும்னு பேசிக்கிட்டிருந்தோம். சாயங்காலம் போனைத் திறந்தா கிரைண்டர் கிரைண்டரா விளம்பரம் வருது. இது ஒட்டுக் கேக்குது மேடம்!"

"கேட்டா கேக்கட்டும்க்கா. நான் என் மாமியாரைப் பத்திப் பேசுறதை அவங்ககிட்ட போய்ச் சொல்லாம இருந்தா சரி."

"உன் மாமியார் வெச்சிருக்கிறதும் இதே கம்பெனி போன்தான். எதுக்கும் பாத்துக்க."

இந்தச் சந்தேகம் உலகம் முழுக்க இருக்கிறது. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயலிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி எதுவும் அவர்களிடம் அகப்படவில்லை. ஆனால் சில செயலிகள், நாம் திரையில் என்ன செய்கிறோம் என்பதைப் படம் பிடித்து வேறு இடத்துக்கு அனுப்பியதைக் கண்டுபிடித்தார்கள். காதைத் தேடிப் போனவர்களுக்குக் கண் கிடைத்த கதை!

சரி, கிரைண்டர் விளம்பரம் எப்படி வந்தது? கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் நிலம் விற்றார்கள், எந்தப் பையன் வெளியூர் வேலைக்குப் போனான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சுவரில் காதை வைத்தா கேட்டார்? டீக்கடையில் ஒரு வார்த்தை, ரேஷன் கடை வரிசையில் ஒரு வார்த்தை. கோர்த்துப் பார்த்தால் முழு ஜாதகமும் கையில். போனில் விளம்பரம் போடுகிற கம்பெனிகளும் இப்படித்தான் வேலை பார்க்கின்றன. வீட்டில் பையன் கிரைண்டர் விலை தேடியிருப்பான். நாத்தனார் அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருப்பார். பாத்திரக் கடையில் பில் போடும்போது நாம் போன் நம்பர் சொல்லியிருப்போம். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட முடிகிறவர்களுக்கு ஒட்டுக் கேட்கும் அவசியமே இல்லை.

ஆகவே உங்கள் போனில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் போய், எந்தச் செயலிக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் தெரிந்த உறுப்பினரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். டார்ச் லைட் அடிக்கிற செயலிக்கு உங்கள் தங்கச்சி நம்பர் எதற்கு? தேவையில்லாத அனுமதியை நிறுத்தினால் போன் கெட்டுப்போகாது.

ஒருத்தி சொன்னாள், ஊர் விவரம் போச்சு

"எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? எனக்கு எவ்வளவு கடன் இருக்குன்னு ஊருக்கே தெரியும். எடுத்துட்டுப் போகட்டுமே" என்று சொல்கிறவர்கள் அநேகம் பேர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் விவரம் நம்மோடு நிற்பதில்லை. அதனால்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஃபேஸ்புக்கில் ஒரு காலத்தில் ஒரு செயலி வந்தது. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் குணம் என்ன என்று சொல்லும். நம் ஊர் கிளி ஜோசியம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3 லட்சம் பேர் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். கிளி ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் போய்விடும். இந்தச் செயலியோ, சீட்டு எடுக்க வந்தவர்களின் விவரங்களோடு அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் வாரிக்கொண்டு போனது. அது போய்ச் சேர்ந்த இடம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற கம்பெனி. தேர்தல் பிரசார வேலை செய்து கொடுப்பது அதன் தொழில். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலிலும் வேலை செய்தது. 2018 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை விவரம் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் கம்பெனியே ஒத்துக்கொண்டது.

இந்தியக் கணக்கையும் அவர்களே சொன்னார்கள். இங்கே அந்தச் செயலியைச் சேர்த்தவர்கள் 335 பேர்தான். நண்பர் பட்டியல் வழியாக விவரம் போயிருக்கக் கூடியவர்கள் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர். அவர்களில் யாரும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா 2018லேயே மூடப்பட்டது. ஃபேஸ்புக்குக்கு 2019இல் அமெரிக்க அரசு அமைப்பு 500 கோடி டாலர் அபராதம் போட்டது. போன விவரம் போனதுதான்.

நமக்குப் பக்கத்தில் இதே கதை வேறு வேஷத்தில் வருகிறது. "5 நிமிடத்தில் கடன்" என்று வரும் செயலியைப் போனில் ஏற்றும்போது, தொடர்பு எண்கள், போட்டோக்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று அமுக்கிவிடுவோம். தவணை ஒரு நாள் தள்ளினால் போன் நமக்கு வராது. சம்பந்தி வீட்டுக்குப் போகும், பள்ளிக்கூட டீச்சருக்குப் போகும், கறிக்கடைக்காரருக்குப் போகும். கடன் வாங்கியது ஒருவர், அவமானம் பத்து வீட்டில். கடன் செயலிகள் தொடர்பு எண்கள், போட்டோக்கள், அழைப்பு விவரம் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டே விதி செய்திருக்கிறது. ஆகவே கேட்கிற செயலி விதியை மீறுகிறது என்று தெரிந்துகொண்டு உடனே விலகிவிடலாம். "இந்த லிங்க்கை 10 பேருக்கு அனுப்பினால் இலவச தையல் மெஷின்" என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதன் தங்கச்சிதான். ஒரு உறுப்பினர் சொன்னார்: "தையல் மெஷின் வரலை மேடம். ஆனா நான் அனுப்பின 10 பேரும் என்னோட சண்டைக்கு வந்தாங்க."

இனி நம் வீட்டு விஷயம். ஊக்குநர், பிரதிநிதி வீட்டுப் பெட்டியில் எத்தனை பேருடைய ஆதார் நகல், பாஸ்புக் நகல், போட்டோ, கையெழுத்து இருக்கிறது? பல வருட நகல்கள். ஜெராக்ஸ் கடையில் மை சரியாக விழாத நகலை அங்கேயே போட்டுவிட்டு வருகிறோம். அது வடை மடிக்கும் காகிதமாக வந்து சேர்ந்ததைப் பார்த்த உறுப்பினர்கள் உண்டு. "வடையை விட என் அட்ரஸ்லதான் எண்ணெய் ஜாஸ்தி" என்று ஒருவர் சொல்லி எல்லோரும் சிரித்தோம். வங்கிக் கடனில் ஒருவருக்காக எல்லோரும் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிற நாம், ஒருவர் விவரத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்று இதுவரை பேசியதில்லை.

வீட்டுக்கு வரும் கட்சிக்காரர்

"மிஸ்டு கால் கொடுத்தா கட்சியில உறுப்பினராம். தெரியாம கொடுத்துட்டேன். இப்ப நான் எந்தக் கட்சின்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுது."

"எனக்கு மூணு கட்சிக்காரங்களும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புறாங்க. வீட்டுக்காரருக்குத்தான் ஞாபகம் இல்லை."

தேர்தல் நெருங்கினால் எல்லாக் கட்சிகளும் போன் நம்பர் சேகரிப்பது தெரிந்ததே. 2025இல் தமிழ்நாட்டில் ஒரு கட்சி வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தபோது, போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்டு வாங்கியது. இதை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை மாதம், ஓ.டி.பி. வாங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தடையில் தலையிட மறுத்துவிட்டது. எந்தக் கட்சி என்று எழுதவில்லை. நம் கூட்டமைப்பில் எல்லாக் கட்சியும் உண்டு, அடுத்த கூட்டம் நடக்க வேண்டும்!

நமக்கு முக்கியம் ஓ.டி.பி.தான். அது பூட்டுக்கான சாவி. வந்தவர் தெரிந்த பையனாக இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் திண்ணையில் நின்று பேசுகிற நேரத்தில், அந்தக் குறுஞ்செய்தி கட்சியிலிருந்து வந்ததா வங்கியிலிருந்து வந்ததா என்று யார் படித்துப் பார்க்கிறார்கள்? அதே போல் பணம் 'வருவதற்கு' ரகசிய எண் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணம் அனுப்பத்தான் அந்த எண் தேவை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். நேரம் ஆக ஆக பணத்தைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம்.

தாழ்ப்பாள் எதற்கு?

"மறைக்க என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்ட எதிர்க்கேள்வியை எங்களால் மறக்க முடியவில்லை. "குளிக்கிறது தப்பா? அப்புறம் ஏன்டி தாழ்ப்பாள் போடுறே?"

உச்ச நீதிமன்றம் இதையேதான் சட்ட பாஷையில் சொன்னது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி, 2012இல் தன் 80 வயதுக்கு மேல், ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் நமது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அரசு நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று சொன்ன நீதிமன்றம், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரை இணைத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இதை வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் சண்டை போட வேண்டாம். ஆனால் பண்டிகைச் சீட்டு பிடிக்கிறவரும் பாத்திர வியாபாரியும் ஆதார் நகல் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. விவரம் வாங்குகிறவர் எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அதைத் தமிழில் கேட்க நமக்கு உரிமை உண்டு. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ஆனால் மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. வேலி கட்டிய கையோடு தனக்கு ஒரு சந்து விட்டுக்கொண்டது போல. இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

ஆதார் நகல் கொடுக்க வேண்டி வந்தால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும்படியான ஆதாரை இணையத்தில் எடுக்கலாம். அதை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அதையே கொடுங்கள். சாதாரண நகலாக இருந்தால் எதற்காக, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விரல் வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில் "ரேகை பதியலை, இன்னொரு தடவை வைங்கம்மா" என்றால், முதல் தடவைக்கான சீட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கிற வசதியும் ஆதாரில் உண்டு. 1947 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

கடைசியாக, யாரும் சத்தமாகச் சொல்லாத ஒன்று. "என் போனோட பாஸ்வேர்டு என் பையனுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்ன உறுப்பினர்கள் பல பேர். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியபோது, எங்கள் பகுதியில் பலருக்குப் பணம் தன் கணக்கில், குறுஞ்செய்தி கணவர் போனில். பணம் வந்த செய்தி வீட்டுக்கு வருவதற்குள் பாதி செலவாகியிருக்கும். கம்பெனிக்காரனைப் பற்றியும் கட்சிக்காரனைப் பற்றியும் பேசுகிற நாம் இதையும் பேசியாக வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று இந்த வாரமே வங்கியில் கேளுங்கள். உங்கள் நம்பர் இல்லையென்றால் எழுதிக் கொடுத்து மாற்றலாம். ஆதாரில் உள்ள நம்பரை ஆதார் சேவை மையத்தில் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் கோபம் வரும் என்று தெரிந்தால் தனியாகப் போக வேண்டாம், இரண்டு உறுப்பினர்களோடு போங்கள்.

அடுத்த கூட்டத்தில் குழுவின் பழைய நகல்கள் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்து வாருங்கள். தணிக்கைக்குத் தேவையானதைப் பிரித்து வைத்துவிட்டு மற்றதை எல்லோர் முன்னிலையிலும் எரித்துவிடுங்கள். மீதி யார் பொறுப்பில், எந்தப் பூட்டுக்குள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு குழு முந்திக்கொண்டு தீர்மானம் போட்டே விட்டது. அதோடு, கூட்டம் முடியும் வரை எல்லோர் போனும் நடுவில் ஒரு முறத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஊக்குநர் போனுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று ஊக்குநரே கேட்டிருக்கிறார். ஓட்டெடுப்பில் 13க்கு 1 என்று தோற்றுப்போனார்.